ஜன்னலுக்கு அந்தப் பக்கம்: பள்ளி முடித்தவர்களின் கேள்விகள்

33 வருடம் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். ஆசிரியர்களைப் பிள்ளைகள் தினமும் பார்ப்பார்கள். என்னைப் பார்ப்பது பெரும்பாலும் கடைசி நாளில்தான், சான்றிதழ் வாங்க வரும்போது, ஒரு சின்ன ஜன்னல் வழியாக. இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி, பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. அதனால் பக்கம் முழுவதும் அவர்களுக்கே. மூட்டுவலிக்கு மருந்து கேட்ட வாசகர் மன்னிக்கவும். அடுத்த மாதமும் எனக்கு அது தெரிந்திருக்காது.

கேள்வி: ஐயா, பள்ளியை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே ஓர் அறிவுரை என்றால் எதைச் சொல்வீர்கள்?
- பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய மாணவன்

பதில்: பெரிதாக ஏதோ எதிர்பார்த்துக் கேட்கிறாய், தம்பி. நான் சொல்லப்போவது சின்ன விஷயம். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஜன்னலை விட்டு நகராமல் அங்கேயே நின்று எழுத்துக் கூட்டிப் படி. உன் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஓடாதே, அது உனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒரு பையனின் பிறந்த மாதத்தை நான் தப்பாக எழுதினேன். மே என்பதற்கு மார்ச். அன்று வரிசை நீளம், எனக்குப் பசி, அவனுக்கு அவசரம். ஆறு வருடம் கழித்து பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, பிறப்புச் சான்றிதழோடு தேதி பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஜன்னலில் தாடியோடு வந்து நின்றான். வாங்கிய அன்றே காட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. இப்போது கடிதம், பிரமாணப் பத்திரம், மேலதிகாரி கையெழுத்து என்று நான்கு மாதம் இழுத்தது. அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்புறம், உன் பெயரை எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி எழுது. ஓர் இடத்தில் ஓர் எழுத்து கூடி இன்னோர் இடத்தில் குறைந்தால் கணினிக்கு நீ இரண்டு ஆள். அசலைக் கேட்டால் காட்டு, நகலைக் கொடு. அசலையே ஒப்படைக்க வேண்டி வந்தால் ரசீது இல்லாமல் நகராதே. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வை. பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரி இருந்தால், அதை மூடுவதற்குள் வேண்டியதை உன் சொந்த முகவரிக்கு மாற்றிக்கொள். சொந்த முகவரி ஏதாவது நடிகர் பெயரில் இருந்தால் புதிதாக ஒன்று தொடங்கு. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் சிரிக்கத் தெரிந்தவர்கள்தான்.

கேள்வி: அப்பா மருத்துவர். நானும் மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்கிறார். எனக்கோ பாறை, பூச்சி, செடி இவற்றில்தான் மனம் போகிறது. அவரிடம் எப்படிப் பேசுவது?
- ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும் ஒருத்தி

பதில்: மகளே, கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சார்லஸ் டார்வின் வீட்டிலும் இதேதான் நடந்தது. அவருடைய அப்பாவும் மருத்துவர். 1825இல், 16 வயது மகனை மருத்துவம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து வராத காலம் அது. டார்வின் இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்க்கப் போய், இரண்டிலும் முடிவதற்குள் வெளியே ஓடிவந்துவிட்டார். சரி, பாதிரியாராவது ஆகட்டும் என்று அடுத்து கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார் அப்பா. அங்கே பிள்ளை வண்டு பிடித்துக்கொண்டு திரிந்தது. 1831இல் பட்டம் வாங்கிய கையோடு பீகிள் கப்பலில் உலகம் சுற்ற அழைப்பு வந்தது. அப்பா வேண்டாம் என்றார். ஆனால் ஒரு பேச்சை மிச்சம் வைத்தார்: விவரம் தெரிந்த யாராவது ஒருவர் போகச் சொன்னால் சம்மதிக்கிறேன் என்று.

டார்வின் என்ன செய்தார் என்பதுதான் உனக்கு வேண்டியது. நேரே தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டிடம் போனார். அப்பாவின் ஆட்சேபங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொடுத்தார். மொத்தம் எட்டு. மாமா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அனுப்பினார். அப்பா இறங்கி வந்தார். நடுவில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு அழவில்லை.

நீயும் ஒரு தாளை எடு. "அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று எழுதாதே, அது புலம்பல். வேலை கிடைக்காது என்று பயப்படுகிறாரா, செலவா, உறவினர் என்ன சொல்வார்கள் என்பதா, தன் கிளினிக்கை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதா? அவரிடமே கேட்டு எழுது. கடைசியாகத் தயங்கித் தயங்கிச் சொல்வதுதான் முதல் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். பிறகு அந்தத் தாளைக் கொண்டுபோய் ஒருவரிடம் கொடு. உனக்குப் பரிந்து பேசுகிற அத்தையிடம் அல்ல. அப்பா யார் பேச்சுக்குக் காது கொடுப்பாரோ அவரிடம். ஒன்றிரண்டு ஆட்சேபங்களுக்குப் பதிலே இல்லாமல் போகலாம். நியாயமாகப் பட்டால் ஒத்துக்கொண்டுவிடு. அதற்குப் பிறகு நீ சொல்கிற மற்றவற்றையும் அவர் கொஞ்சம் கவனித்துக் கேட்பார்.

கேள்வி: அண்ணன் மகள் பள்ளி முடிக்கிறாள். வாழ்த்து அட்டையில் எழுத நல்ல வாசகமாக இரண்டு சொல்லுங்களேன்.
- சித்தப்பா

பதில்: தர மாட்டேன். வானமே எல்லை, சிகரம் தொடு, சிறகை விரி எல்லாம் அட்டையிலேயே அச்சாகி வருகிறது. அவள் செய்து நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். என் மகள் பள்ளி முடித்தபோது என் மைத்துனர் எழுதியது இது: "நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து செய்தித்தாள் படித்துக் காட்டினாய். என் ராசிபலனை மட்டும் நல்லதாக மாற்றிப் படித்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும். நன்றாக இரு." மகளுக்கு இப்போது நாற்பது வயது. அட்டை இன்னும் அவள் பீரோவில் இருக்கிறது.

கேள்வி: எனக்கும் அக்காவுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். வீட்டில் இப்போது ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும். நான் வேலைக்குப் போய் அவளைப் படிக்க வைக்கலாம் என்றிருக்கிறேன். என் படிப்பு அவ்வளவுதானா ஐயா?
- தங்கை

பதில்: இல்லையம்மா. போலந்தில் இரண்டு சகோதரிகள் இதே ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். தங்கை மரியா சம்பாதித்து, அக்கா ப்ரோனியாவை பாரிஸில் மருத்துவம் படிக்க வைப்பது; அக்கா காலூன்றியதும் தங்கையை அழைத்துக்கொள்வது. மரியா பள்ளியை முடித்தது 1883இல். வசதியான வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனாள். பாரிஸுக்குக் கிளம்பியது 1891இல். நடுவில் எட்டு வருடம். 1893இல் இயற்பியல் பட்டத்தேர்வில் முதலிடம். மேரி கியூரி என்று நாம் சொல்வது அந்தத் தங்கையைத்தான். இரண்டு நோபல் பரிசு உனக்கே தெரிந்திருக்கும். எனக்குப் பிடித்தது வேறு: வேலை பார்த்த அந்த வருடங்களில் ஓய்வு நேரத்தில் தானாகவே கணிதமும் இயற்பியலும் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தோடு தொடர்பு விட்டுப்போகவில்லை.

ஆனால் எல்லா அக்காவும் ப்ரோனியா ஆகிவிட மாட்டார்கள். அதனால் எழுதி வையுங்கள். எந்த வருடம் உன் முறை, அவள் எவ்வளவு தருவாள், அவளுக்கு வேலை கிடைக்கத் தாமதமானால் என்ன செய்வது. கூடப்பிறந்தவளிடம் எழுதி வாங்குவதா என்று கூசாதே. இருவரும் பிரியமாக இருக்கும்போது எழுதுவதுதான் சுலபம், மனக்கசப்பு வந்த பிறகு பேனா நகராது. முடிவெடுக்கும் முன் நீ சேர நினைக்கும் இடத்தில் நான்கு விஷயம் கேட்டுக்கொள்: கிடைத்த இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க விடுவார்களா, சேர வயது வரம்பு உண்டா, இடைவெளி விழுந்தால் உதவித்தொகை போய்விடுமா, வேலை பார்த்துக்கொண்டே படிக்க மாலை வகுப்போ தொலைநிலைப் படிப்போ இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் ஏற்பாட்டையே மாற்றிவிடலாம்.

கேள்வி: மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டேன். கல்லூரிக்கும் இது போதுமா?
- நினைவாற்றல் மன்னன்

பதில்: போதாது. எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே நெட்டுருப்போட்டு எவ்வளவு மறக்கிறது என்று அளந்து பார்த்து, 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. புரிந்து படித்தது இவ்வளவு வேகமாகப் போகாது. புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பார், மறுநாள் ஒரு தரம், அடுத்த வாரம் ஒரு தரம். விடிய விடிய விழிக்காதே, உன் வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

கேள்வி: ஒரு பாடத்தில் தோற்றுவிட்டேன். அடுத்த மாதம் பள்ளியில் நிறைவு விழா. எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள். நான் போகாமல் இருந்துவிடட்டுமா?
- பெயர் வேண்டாம்

பதில்: போ. இத்தனை வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கைகொடுக்க வேறு நாள் கிடைக்காது.

விழா அடுத்த மாதம், அதை விடு. எனக்குக் கவலை வேறு. தோற்ற பிள்ளைகள் ஜன்னலுக்கு வரக் கூசுவார்கள். கூட்டம் போகட்டும் என்று மதியம் மூன்று மணிக்கு மேல் வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். அந்தக் கூச்சத்தால் மறுதேர்வின் கடைசித் தேதியைத் தவறவிட்ட இருவரை எனக்குத் தெரியும். ஒரு பாடத்துக்காக ஒரு வருடம் போனது. அதனால் இதைப் படித்த மறுநாள் காலையில், ஜன்னல் திறந்ததும் முதல் ஆளாய்ப் போய் நில். மறுதேர்வுக்குக் கடைசித் தேதி என்ன, விடைத்தாள் நகல் கிடைக்குமா, மறுகூட்டலுக்கு விண்ணப்பம் உண்டா என்று கேள். கூட்டலில் தப்பு நேர்வதுண்டு. மே மாதத்தையே மார்ச் ஆக்கியவன் சொல்கிறேன்.

போகும்போது ஒரு பேனா எடுத்துக்கொண்டு போ. ஜன்னலில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பேனா எழுதாது.