டி-டைமர் கூடினால் ஆஸ்பிரின் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சரவாங்கிக்கு (ருமட்டாய்டு மூட்டுவாதம்) ஐந்து வருடமாக மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக மூட்டு வீக்கம் அதிகம். தினமும் வலி மாத்திரை போடுகிறார். பரிசோதனையில் இ.எஸ்.ஆர். 78, பிளேட்லெட் 5.1 லட்சம், டி-டைமர் 900. "ரத்தம் கெட்டியாகிவிட்டது, ஆஸ்பிரின் கொடு" என்கிறார் மாமா. கொடுக்கலாமா டாக்டர்?

பதில்: நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆனால் மாமா பயந்ததில் பாதி நியாயம் உண்டு.

சரவாங்கி மூட்டோடு நிற்கிற நோய் அல்ல. வீங்கிய மூட்டிலிருக்கும் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் எனும் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி ஃபைப்ரினோஜனை அதிகம் சுரக்க வைக்கிறது. ரத்தக்கட்டின் வலையைப் பின்னுகிற ஃபைப்ரின் எனும் நூலுக்கு மூலப்பொருள் இதுதான். சிவப்பணுக்களைக் காசு அடுக்கினாற்போல ஒட்டவைத்து, சோதனைக் குழாயில் வேகமாகப் படிய வைப்பதும் இதுவே. அப்படிப் படியும் வேகத்தின் அளவுதான் இ.எஸ்.ஆர். அதாவது, அம்மாவின் இ.எஸ்.ஆர். 78 என்பதே பெருமளவு ஃபைப்ரினோஜன் கூடியதைத்தான் காட்டுகிறது. பிளேட்லெட் ஏறியதற்கும் பெரும்பாலும் அதே இன்டர்லூக்கின்-6 காரணமாக இருக்கும்.

மற்ற சைட்டோகைன்களான டி.என்.எஃப். ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்-1-உம் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவற்றால் ரத்தக்குழாயின் உள்சுவரிலும் சில வெள்ளணுக்களிலும் 'டிஷ்யூ ஃபேக்டர்' தோன்றும். உறைதலைத் தொடங்கி வைப்பது அது. உறைதலை அடக்கும் த்ராம்போமாடுலின் குறைகிறது. உறைந்ததைக் கரைய விடாத பி.ஏ.ஐ.-1 கூடுகிறது. கிருமி நுழைந்த இடத்தை அடைத்துவிட உடல் வைத்திருக்கும் பழைய ஏற்பாடு இது. குதிரைலாட நண்டின் ரத்தம்கூட பாக்டீரியா நச்சு பட்டதும் உறைந்துவிடும்!

அப்படியானால் 900? டி-டைமர் என்பது ஃபைப்ரின் கரையும்போது மிஞ்சும் துண்டு. வீங்கிய மூட்டுக்குள்ளேயே ஃபைப்ரின் படிந்து கரைவதால், காலில் ரத்தக்கட்டு இல்லாமலே இந்த எண் ஏறும். காய்ச்சல், கர்ப்பம், அறுவை சிகிச்சை எதிலும் ஏறும். எண் இயல்பாக இருந்தால் "கட்டு இருக்க வாய்ப்பில்லை" என்று சொல்ல உதவும். ஏறியிருந்தால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வழக்கமான எல்லை 500. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கிப் பார்ப்பதும் உண்டு, அம்மாவுக்கு 580. லேப்புக்கு லேப் அலகு மாறும், ரிப்போர்ட்டில் பாருங்கள்.

ஆஸ்பிரின் முக்கியமாகப் பிளேட்லெட்டைத்தான் கட்டுப்படுத்தும், ஃபைப்ரினோஜனைக் குறைக்காது. வலி மாத்திரையோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். (இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தக் கூடாது, அது வேறு கணக்கு.) குறைய வேண்டியது அழற்சி, அதாவது மூட்டை வீங்க வைக்கும் அந்த எதிர்ப்பு அணுக்களின் வேலை. இரண்டு மாதமாக வீக்கம் அடங்கவில்லை என்றால் மூட்டுவாத மருத்துவர் மருந்தை மாற்ற வேண்டிய நேரம் இது. இன்டர்லூக்கின்-6-இன் ஏற்பியை (அணுக்களில் அது ஒட்டும் இடத்தை) தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்தால் ஃபைப்ரினோஜனும் சேர்ந்து இறங்கும். டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகளும் அழற்சியை அடக்கும், ஆனால் அவற்றுக்கே ரத்தக்கட்டு எச்சரிக்கை உண்டு. அம்மாவுக்கு முன்பு கட்டு வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்காலில் புதிதாக வலி வந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்போது தேவைப்படுவது ஸ்கேன்; இன்னொரு டி-டைமர் அல்ல.