வடக்கு பார்த்த நடைவழியில் ஆடிப்பட்டம் பலிக்குமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் வசிக்கிறோம். வீட்டு முன்னிருக்கும் வடக்கு பார்த்த பொது நடைவழியில் வெண்டை, கத்தரி, குண்டுமல்லி ஆகியவற்றைத் தொட்டிகளில் வளர்க்கிறேன். திருச்சியில் இருக்கும் அக்கா சொன்னபடி ஆடி மாதத்தில்தான் விதைக்கிறேன். செப்டம்பரில் சில காய்கள் கிடைக்கின்றன. பிறகு இலைதான் மிஞ்சுகிறது. கோழி எருவைக் கூட்டிப் போட்டும் பயனில்லை. டிசம்பர் மழையில் மல்லிகையின் வேர் அழுகிவிடுகிறது. எதை எப்போது நடுவது?

பதில்: உங்கள் விதையிலும் உழைப்பிலும் குறை இல்லை. நீங்கள் விதைக்கும் மாதம் உங்கள் நடைவழிக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழகத்து உழவர்களின் நெடுநாள் அனுபவத்தில் விளைந்த சொல். அங்கே ஆடியில் விதைத்த பயிர் வேரூன்றி நிற்கும்போது ஐப்பசி மழை வந்து சேரும். திறந்த வயலாகையால் சூரியன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பயிருக்கு வெயில் குறையாது. சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 10 நிமிடமே வேறுபாடு. குளிர்காலம் என்பதும் கிடையாது. ஆகவே நம் தொட்டிச் செடிகளுக்குப் பருவம் என்பது இரண்டு செய்திகளால் மட்டுமே அமைகிறது: மழை எப்போது கூடுகிறது, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது. இவற்றில் இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை.

மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தை ஒட்டி நம் உச்சிக்கு நேராக வரும் சூரியன், அதன் பின் வடக்கே நகர்ந்து, ஜூனில் வடகோடியைத் தொட்டு, செப்டம்பர் 20ஆம் தேதிவாக்கில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே போய்விடுகிறது. உங்கள் நடைவழிக்குத் தெற்கே வீடும் மேலே அடுத்த தளமும் இருப்பதால், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சாய்ந்து உள்ளே வரும் நேர் வெயில், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அங்கே விழுவதில்லை. பிரதிபலித்து வரும் வெளிச்சம் மட்டுமே கிடைக்கிறது. வெண்டையும் கத்தரியும் ஒழுங்காகக் காய்க்க நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். ஜூலை நடுவில் ஆடி பிறந்ததும் விதைத்த வெண்டை முதல் காய் தருவதற்குள் செப்டம்பர் தொடங்கிவிடும். அதற்குப் பின் மிஞ்சுவது இரண்டு மூன்று வார வெயில்தான். வெளிச்சம் குறைந்த செடிக்குத் தழைச்சத்து மிகுந்த கோழி எருவைக் கூட்டினால் தண்டும் இலையும் மென்மையாக நீளுமே தவிரப் பூ வராது. அசுவினியும் மாவுப்பூச்சியும் அத்தகைய இளந்தளிரைத்தான் முதலில் தேடி வரும்.

எனவே உங்கள் பட்டத்தை நான்கு மாதங்கள் முன்னே கொண்டுவாருங்கள். கத்தரி, மிளகாய் விதைகளைப் பிப்ரவரி நடுவில், வெயில் விழும் தெற்குப் பக்க அறையின் சன்னலுக்கு உட்புறம் நாற்றுத் தட்டில் போட்டு, மார்ச் இறுதியில் நடைவழித் தொட்டிகளுக்கு மாற்றினால், ஜூன் தொடங்கிக் காய் பறிக்கலாம். வெண்டைக்கு நாற்று வேண்டாம். ஏப்ரல் முதல் வாரத்தில் நேரடியாகத் தொட்டியில் ஊன்றி, மே இறுதியில் இன்னொரு முறை ஊன்றினால், செப்டம்பர் நடுவரை அடுத்தடுத்துக் காய் வரும். மதில் சுவரின் நிழல் தொட்டியின் மீது விழாதபடி உட்புறமாக ஒரு தாங்கி வைத்துச் செடியை உயர்த்துவது அவசியம். மதிலின் மேலேயோ சன்னல் விளிம்பிலோ தொட்டி வைப்பது கீழே நடப்பவர்களின் உயிருக்கு ஆபத்து; அதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

உங்கள் புளோக்கிலேயே தெற்கு பார்த்த வீட்டுக்காரர் இருந்தால், அவருக்கு அக்கா சொன்ன ஆடிப்பட்டமே மிகவும் ஏற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய செடிகள் காய்க்கத் தொடங்கும் நேரத்தில்தான் வெயில் அவர் பக்கம் திரும்பும். கிழக்கு, மேற்கு பார்த்த நடைவழிகளில் இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது.

அக்டோபருக்குப் பின் உங்கள் தொட்டிகள் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. வல்லாரை, புதினா, கற்பூரவள்ளி, மணமுள்ள பாண்டான் இலை, சாயூர் மானிஸ் என்னும் கீரை ஆகியவை நிழல் கலந்த வெளிச்சத்திலும் தழைக்கும். பூசைக்குப் பூ வேண்டுமென்றால் நந்தியாவட்டையை வையுங்கள்; மல்லிகை அளவுக்கு அது வெயிலைக் கேட்பதில்லை.

மல்லிகைக்கு இன்னும் சற்றுக் கூடுதலான கவனம் தேவை. டிசம்பர் இங்கே மழை மிகுந்த மாதம். பிப்ரவரியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு மழை அப்போது பெய்கிறது. வடகிழக்குக் காற்று அந்தச் சாரலை நேராக உங்கள் நடைவழிக்குள் கொண்டுவரும். வெயில் இல்லாத செடி நீரைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், வழக்கப்படி நீங்கள் ஊற்றும் தண்ணீரும் சேர்ந்து மண்ணில் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகுகிறது. நவம்பரிலேயே எரு இடுவதை நிறுத்திவிடுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். மண்கலவையில் தென்னைநார்த் தூளைக் குறைத்துப் பெர்லைட் என்னும் இலேசான வெண்துகளையோ பருமணலையோ நான்கில் ஒரு பங்கு சேர்த்தால் நீர் விரைவாக வடியும். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். ஆதலால் பிப்ரவரி இறுதியில் கிளைகளைப் பாதியளவுக்குக் கவாத்து செய்து, தளிர் தலைகாட்டியதும் மக்கிய எருவும் சிறிது சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கொடுங்கள். வெயில் திரும்பும் ஏப்ரலில் அந்தத் தளிர்கள் மொட்டுக்கு ஆயத்தமாக இருக்கும். பிப்ரவரியின் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் பெருகும் என்பதால் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவருவதும் நல்லது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதை, குறிப்பாக மழை மாதங்களில், நான் பரிந்துரைப்பதில்லை. தட்டு நீரிலும் இறுகிப்போன மேல்மண்ணில் தேங்கும் நீரிலும் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்; வீட்டில் கொசு உற்பத்தியானால் தேசிய சுற்றுப்புற வாரியம் அபராதம் விதிக்கும். மண்ணை வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். தொட்டிகளை அடுக்கிய பின் நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. புதிய தாங்கி வாங்கும் முன் அளவெடுத்துப் பார்த்து, நகர மன்றத்தின் விதிமுறைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.