24 இருந்த எண் 36 ஆனால்…

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் திருவனந்தபுரத்தில் எடுத்தபோது சி.ஏ. 15-3 (மார்பகப் புற்றுநோயைக் கண்காணிக்க எடுக்கும் ரத்தப் பரிசோதனை) அளவு 24. இப்போது தென்காசியில் முழு உடல் பரிசோதனையோடு எடுத்ததில் 36. நோய் திரும்பிவிட்டதா? அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.
– வாசகி, செங்கோட்டை

பதில்: இந்த ஓர் எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள்.

இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்த முறையில் பார்த்தார்கள் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இயல்பு அளவும் இருக்கும். அது ஒன்றில் 25 வரை, இன்னொன்றில் 30-ஐத் தாண்டிக்கூட இருக்கலாம். மெஷினும் பரிசோதனைக் கிட்டும் மாறினால் ஒரே ரத்தத்துக்கே வேறு எண் வரும். 36-இல் 24 போனால் 12 என்று கணக்குப் போட்டுக் கலங்காதீர்கள்.

பால்சுரப்பிச் செல்களின் மேலுள்ள மியூசின்-1 என்ற புரதம் உதிர்ந்து ரத்தத்தில் கலப்பதைத்தான் இது அளக்கிறது. நல்ல செல்லும் அதை உதிர்க்கும். கல்லீரல் நோய் இருந்தால் எண் ஏறும். பி12 குறைவால் வரும் ரத்தசோகையிலும் ஏறும். அம்மா சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் பி12-ஐயும் பார்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டுகளைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். திரும்ப எடுக்கச் சொன்னால் திருவனந்தபுரத்தில் எடுத்த அதே லேபில், 4 முதல் 6 வாரம் கழித்து எடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. கீமோவுக்குப் பிறகு முடி வளர 5, 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். சில மெஷின்களில் அது எண்ணைப் பொய்யாகக் குறைத்துவிடும். 3 நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள்.

அடுத்தடுத்து ஏறிக்கொண்டே போனால்தான் ஸ்கேன் பற்றி மருத்துவர் யோசிப்பார். ஆனால் விடாத எலும்பு வலி, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, புதுக் கட்டி இவற்றில் ஏதாவது வந்தால் எண் 20 என்றாலும் உடனே போங்கள். தொந்தரவே இல்லாதவர்களுக்கு இதை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்பதே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையும்.

கேள்வி: மேமோகிராமுக்குப் பதில் இந்த ரத்தப் பரிசோதனை போதாதா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: போதாது. ஆரம்பநிலைப் புற்றுநோயில் பெரும்பாலும் இந்த எண் இயல்பாகவே இருக்கும். 'நார்மல்' என்று வந்த தாளை நம்பிக் கட்டியை விட்டுவிடுவதுதான் ஆபத்து.