பன்னிரண்டு பேர், வாரம் ஒரு பென்னி: மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம் பற்றிய கேள்வி பதில்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் மரபின் சிறுகுழுக்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் போதகர் இல்லை. சென்னையில் ஒரு வீட்டுக்குழுவை நடத்துகிறவன், இந்த வரலாற்றை விரும்பிப் படிக்கிறவன்.

தாம்பரத்திலிருந்து ஒரு சகோதரி: எங்கள் சபையில் மாதம் ஒரு முறை ஏரியா ஜெபக் கூட்டம் உண்டு. இரண்டு பாட்டு, ஒரு செய்தி, ஜெபம், டீ, சுண்டல். ஜான் வெஸ்லி நடத்திய வகுப்புக் கூட்டமும் இப்படித்தானா?

இல்லை சகோதரி. பாட்டும் ஜெபமும் அங்கேயும் இருந்தன. ஆனால் மையம் வேறு.

அது தொடங்கிய விதத்தைச் சொன்னால் புரியும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1739-இல் ‘நியூ ரூம்’ என்ற கூடத்தைக் கட்டினார்கள். கடன் ஏறிவிட்டது. 1742 பிப்ரவரி 15 அன்று கூடிப் பேசியபோது, ஃபாய் என்ற கேப்டன், கடன் அடையும் வரை ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று ஒருவர் மறுத்தார். அதற்கு அவர், மிக ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரா வாரம் நானே போய்ப் பார்க்கிறேன், அவர்களால் தர முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே தருகிறேன் என்று சொன்னார். மற்ற சிலரும் அப்படியே பதினொரு பேரைப் பொறுப்பேற்றார்கள்.

காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வெறும் காசோடு திரும்பவில்லை. ஒருவர் மனைவியோடு சண்டை, இன்னொருவர் குடித்திருந்தார் என்று வந்து சொன்னார்கள். வெஸ்லிக்குப் பளிச்சென்று பட்டது: நாம் இவ்வளவு நாள் தேடியது இதுதான். பணம் வசூலிக்கப் போகிறவரே ஒவ்வொருவரின் ஆத்தும நலத்தையும் விசாரிக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். ஆனால் வேலைக்காரர்களை அவர்கள் எஜமான் வீட்டில் போய்ப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. பார்த்தாலும் தனியாகப் பேச விடமாட்டார்கள். அதனால் பன்னிரண்டு பேரும் வாரம் ஒரு நாள் ஓரிடத்தில் கூடினார்கள். அதுதான் வகுப்புக் கூட்டம். அங்கே தலைவர் ஒவ்வொருவரிடமும் இந்த வாரம் உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று கேட்பார், பதிலைக் காது கொடுத்துக் கேட்பார். அதற்கேற்ப ஆறுதல், புத்தி, தேவைப்பட்டால் கண்டிப்பு.

உங்கள் ஏரியா ஜெபத்தில் எத்தனை பேர் தங்களைப் பற்றி வாய் திறக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் பேச இருபது பேர் கேட்டுவிட்டுப் போனால் அது ஞாயிறு பிரசங்கத்தின் தொடர்ச்சிதான். பிரசங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஞாயிறு இருக்கிறது.

கிள்ளானிலிருந்து ஒரு சகோதரர்: ‘பேண்ட்’ என்பதும் ‘கிளாஸ்’ என்பதும் ஒன்றா?

வேறு வேறு. கிளாஸ், அதாவது வகுப்பு, வெஸ்லியின் மெதடிஸ்ட் சங்கத்தில் சேரும் எல்லாருக்கும் உரியது. அதில் ஆண், பெண், பெரியவர், சின்னவர் கலந்து இருப்பார்கள். சேர ஒரே தகுதிதான்: வருங்கோபத்துக்குத் தப்ப வேண்டும், பாவத்திலிருந்து மீட்கப்பட வேண்டும் என்ற வாஞ்சை. பேண்ட் இன்னும் சிறியது, விரும்பியவர்களுக்கு மட்டும். ஆண்கள் தனி, பெண்கள் தனி. மணமானவர் தனி, ஆகாதவர் தனி. போன சந்திப்புக்குப் பிறகு என்ன பாவம் செய்தீர்கள் என்று நேராகவே கேட்பார்கள். அதன் விதிகளை வெஸ்லி எழுதியது 1738 டிசம்பர் 25 அன்று.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: இந்த முறையை வெஸ்லியே கண்டுபிடித்தாரா?

முழுக்க அவருடையது என்று சொல்ல முடியாது. மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டண்ட் பக்திக் குழுவினரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். 1738-இல் ஜெர்மனியில் அவர்களுடைய ஹெர்ன்ஹுட் கிராமத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு முன்பே இங்கிலாந்துச் சபையில் பக்திச் சங்கங்கள் இருந்தன. அவர் அம்மா சூசன்னா, கணவர் ஊரில் இல்லாத நாட்களில், எப்வொர்த் வீட்டில் ஞாயிறு மாலை குடும்ப ஜெபம் நடத்த, அக்கம்பக்கத்தார் வந்து கூடினார்கள். அப்போது ஜான் சின்னப் பையன். அந்த வீட்டை மறந்துவிட்டு மெதடிஸ்ட் வரலாறு பேசுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி: அம்மம்மா வகுப்புத் தலைவர், டிக்கெட் என்றெல்லாம் சொல்லுவா. அது என்ன? ஏன் இப்போது இல்லை?

தம்பி, உங்கள் ஊருக்கே இதில் பெரிய பங்கு உண்டு. மெதடிஸ்ட் தலைவர் தாமஸ் கோக்கின் தலைமையில் ஆசியாவுக்குப் புறப்பட்ட மிஷனரிகள் 1814 ஜூனில் இலங்கைக் கரையில் இறங்கினார்கள். கோக் வரும் வழியிலேயே, மே 3 அன்று, கப்பலில் இறந்துவிட்டார். அந்த மிஷனரிகளில் வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார்; ஓராண்டு முடியுமுன் அங்கேயே காலமானார். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள்.

டிக்கெட் என்பது மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினருக்குத் தரும் சின்ன அட்டை. அதில் ஒரு வேதவசனம் அச்சிட்டிருக்கும். ஒழுங்காக நடப்பவர்களுக்குப் புதுப்பிப்பார்கள், இல்லாதவர்களுக்குத் தரமாட்டார்கள். ரொட்டியும் தண்ணீரும் பகிர்ந்து சாட்சி சொல்லும் அன்பின் விருந்துக்குள் நுழைய அது வேண்டும்.

ஏன் மங்கியது என்றால், என் கணிப்பு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சபை பெருகி வசதியும் வந்தபோது, தலைவர்கள் கேட்பதை விட்டுப் போதிக்க ஆரம்பித்தார்கள். ஒரே ஆட்கள் வருடக்கணக்கில் ஒரே சாட்சியைச் சொன்னார்கள். அமெரிக்கத் தென்மாநில மெதடிஸ்ட் சபை 1866-இல், வகுப்புக்கு வருவது கட்டாயம் என்பதையே எடுத்துவிட்டது. டிக்கெட் இருந்த இடங்களிலும், யாரும் எதுவும் கேட்காமல் கையில் கொடுக்கும் அட்டையாகிப்போனது.

இராயப்பேட்டையிலிருந்து ஒரு ஐயா: நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. மெதடிஸ்ட் மரபு எங்களுடையது என்று உரிமை கொண்டாடலாமா?

தாராளமாக, ஐயா. யாழ்ப்பாணத்தில் இருந்த அதே ஜேம்ஸ் லிஞ்ச்தான் 1817-இல் சென்னைக்கு வந்து பணியைத் தொடங்கினார். தமிழகத்து வெஸ்லியன் சபைகள், அதாவது பிரிட்டிஷ் வழி வந்த மெதடிஸ்ட் சபைகள், அந்த யாழ்ப்பாணக் கிளையில் முளைத்தவை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் சி.எஸ்.ஐ. உருவானபோது, ஆங்கிலிக்கர்களோடும் தென்னிந்திய ஐக்கிய சபையாரோடும் அவர்கள் இணைந்தார்கள். வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை செய்கிறீர்களே, அது 1755-இல் வெஸ்லி லண்டனில் நடத்தியதன் தொடர்ச்சி.

அமெரிக்க வழி வந்த மெதடிஸ்ட் சபை இதில் சேராமல் தனியாக இருக்கிறது. அவர்களுக்கும் சிறுகுழு மரபு உண்டு: 1870-களின் தொடக்கத்தில் வில்லியம் டெய்லர் பம்பாயில் வீடுகளில் ஐக்கியக் குழுக்களைக் கூட்டித்தான் சபையை எழுப்பினார்.

மதுரையிலிருந்து ஒரு தங்கை: பெண்கள் தலைமை தாங்கினார்களா? எங்கள் குழுவில் அண்ணன்மார்தான் பேசுகிறார்கள்.

தாங்கினார்கள் தங்கச்சி. 1761 பிப்ரவரியில் டார்பி ஊரில் சாரா கிராஸ்பி ஒரு வகுப்பை நடத்தப் போனபோது ஏறக்குறைய 200 பேர் வந்து நின்றார்கள். ஒவ்வொருவராக விசாரிக்க முடியாது. எழுந்து எல்லாருக்கும் சேர்த்துப் பேசினார். செய்தது சரியா என்று வெஸ்லிக்கு எழுதிக் கேட்டார். நீங்கள் எல்லை மீறவில்லை என்று பதில் வந்தது. நியூயார்க்கில் 1766-இல், பிரசங்கிப்பதை விட்டிருந்த பிலிப் எம்பரியைத் தட்டியெழுப்பிப் பிரசங்கிக்க வைத்தவர் பார்பரா ஹெக். உங்கள் அண்ணன்மாரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஊர் சொல்லாத ஒருவர்: உண்மையைப் பேசலாம்தான். ஆனால் எங்கள் சபையில் குழு பிரிவதே சொந்தபந்தம், சாதி பார்த்துத்தான்.

வலிக்கிற கேள்வி, நியாயமான கேள்வி. பிரிஸ்டலில் பெரும்பாலும் இருப்பிடத்தை வைத்தே பிரித்தார்கள். அதனால் கடைக்காரரும் வேலைக்காரப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தது. நியூயார்க்கில் எம்பரி வீட்டில் முதலில் கூடிய ஐந்து பேரில் பெட்டி என்ற ஆப்பிரிக்கப் பெண்ணும் இருந்தார்.

ஆனால் பெருமை மட்டும் பேசினால் பொய்யாகிவிடும். அடிமையாக இருந்த ரிச்சர்டு ஆலன் டெலவேரில் காட்டுக்குள் கூடிய ஒரு வகுப்பின் வழியாக மெதடிஸ்ட் ஆனவர். அதே மெதடிஸ்ட்கள் பிலடெல்பியா ஆலயத்தில், முழங்காலில் நின்று ஜெபித்த கறுப்பினத்தாரை எழுப்பி விரட்டினார்கள். அவர்கள் வெளியேறினார்கள். ஆலன் 1794-இல் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். 1816-இல் அது கறுப்பினத்தாரின் தனி மெதடிஸ்ட் சபைக்குத் தாய்ச்சபை ஆனது. பொதுவான பாரம்பரியம் என்று நாம் சொல்வதில் இந்தக் காயமும் அடங்கும்.

உங்கள் சபைக்கு நான் சொல்வது: தெருப் பட்டியலை எடுத்து வீட்டு எண் வரிசைப்படி குழு பிரியுங்கள். முணுமுணுப்பு வரும். மாற்றாதீர்கள்.

வேலூரிலிருந்து ஒரு சகோதரர்: அன்பின் விருந்தைப் போதகர் இல்லாமல் நடத்தலாமா?

நடத்தலாம். அது திருவிருந்து அல்ல. கேக் அல்லது ரொட்டி, தண்ணீர், அப்புறம் சாட்சி. அவ்வளவுதான். சபை ஒழுங்குக்காகப் போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆவடியிலிருந்து ஒரு சகோதரி: நாங்கள் ஆறு பேர் தொடங்கப்போகிறோம். பேசியது வெளியே போய்விடுமோ என்று பயம். எப்படி நடத்த?

பயம் இயல்பு. நம் ஊரில் ஜெப விண்ணப்பம் என்ற பெயரிலேயே வம்பு பரவுவதை நானும் பார்க்கிறேன். பேண்டுக்கான 1738 விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது: குறித்த நேரத்துக்கு வர வேண்டும், ஒருவர் முதலில் தன் நிலையைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மற்றவர்களைக் கேட்க வேண்டும். ஆகவே முதலில் நீங்கள் பேசுங்கள், அதுவும் மேலோட்டமாக இல்லாமல். நீங்கள் எவ்வளவு ஆழம் போகிறீர்களோ அவ்வளவுதான் மற்றவர்கள் வருவார்கள். அவரவர் தன்னைப் பற்றி மட்டும் பேசட்டும். “என் மருமகள் என்ன செய்தாள் தெரியுமா” என்று யாராவது ஆரம்பித்தால், “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அக்கா?” என்று திருப்பிவிடுங்கள். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் கூடும் இடமும் நேரமும் தவிர எதுவும் போடாதீர்கள்.

முடிவில் பொதுவான ஜெபம் வேண்டாம். அன்று ஒவ்வொருவரும் சொன்னதற்கேற்ப, பெயர் சொல்லி ஜெபியுங்கள். அதுவும் அந்தப் பழைய விதிகளில் உள்ளதுதான். சாப்பாடு டீயோடு நிற்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் தன் வீட்டுக்கு அழைக்க வசதி இல்லாதவர் தயங்குவார். வராதவர் வீட்டுக்கு மறுநாளே ஒருவர் போய்ப் பாருங்கள். நோயிலோ கஷ்டத்திலோ இருந்தால் போதகருக்குத் தெரிவியுங்கள். நோயாளிகளைப் பற்றிப் போதகருக்குத் தெரிவிப்பது, வகுப்புத் தலைவரின் வேலையாக வெஸ்லியின் 1743 பொது விதிகள் சொல்வதில் ஒன்று.