நோட்டர் டேமை வென்றால் கான்ஃபரன்ஸ் பலமாகிவிடுமா?

கேள்வி: எங்கள் பையன் ஒஹையோவில், மேக் (மிட்-அமெரிக்கன்) கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் குழுவைச் சேர்ந்த ஒரு கல்லூரியில் படிக்கிறான். அவனால் நாங்களும் சனிக்கிழமை தவறாமல் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிறோம். என் ஆபீசில் இருப்பவர்கள் எல்லாரும் ஒஹையோ ஸ்டேட் ரசிகர்கள். "மேக்கா, அது டம்மி லீக்" என்று சிரிக்கிறார்கள். 2024இல் பெரிய அணியான நோட்டர் டேமை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்தது ஒரு மேக் அணிதானே? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் இல்லையா? ஒரு சின்ன கான்ஃபரன்ஸ் பலமானதா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: பானை ஒன்றாக இருந்தால் ஒரு சோறு போதும். 2024 மேக்கில் பன்னிரண்டு பானைகள் இருந்தன. நீங்கள் சொல்லும் அந்த ஒரு நாளையே எடுத்துக்கொள்வோம், செப்டம்பர் 7. மேக்கின் நார்தர்ன் இல்லினாய்ஸ் நோட்டர் டேமின் ஊரான சவுத் பெண்டுக்குப் போய், அப்போது தேசிய ரேங்க்கில் 5ஆம் இடத்தில் இருந்த நோட்டர் டேமை 16-14 என்று சாய்த்தது. 28 பாயின்ட் வித்தியாசத்தில் நோட்டர் டேம் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் எழுதிவைத்திருந்த ஆட்டம். அதே நாள் இன்னொரு மேக் அணியான பௌலிங் கிரீன், பென் ஸ்டேட்டின் மைதானத்தில் 34-27 வரை இழுத்துப் பிடித்துத் தோற்றது. அதே நாள் மேக்கின் வெஸ்டர்ன் மிச்சிகன் ஒஹையோ ஸ்டேட்டிடம் 56-0 என்று தோற்றது. பஃபலோ மிசூரியிடம் 38-0. கென்ட் ஸ்டேட் நிலைமை இதைவிட மோசம்: ஒரு படி கீழே, எஃப்.சி.எஸ். பிரிவில் ஆடும் செயின்ட் ஃபிரான்சிஸிடம் சொந்த ஊரிலேயே 23-17 என்று தோற்றது.

உங்கள் கையில் 16-14 இருக்கிறது, ஆபீஸ்காரர்கள் கையில் 56-0 இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. அதனால்தான் ஒரு ஸ்கோரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள் என்கிறேன்.

முதலில் எந்த ஆட்டங்களைத் தள்ளிவைக்க வேண்டும் என்று பார்த்துவிடலாம். கான்ஃபரன்ஸுக்குள் ஆடும் ஆட்டங்கள் இந்தக் கேள்விக்கு உதவவே உதவாது. 12 அணிகள், ஆளுக்கு 8 உள் ஆட்டங்கள், மொத்தம் 48 ஆட்டங்கள். ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றாக வேண்டும். உலகிலேயே பலமான லீக்கிலும் 48 வெற்றி 48 தோல்விதான், படுமோசமான லீக்கிலும் அதேதான். "எங்கள் கான்ஃபரன்ஸில் யாரும் யாரையும் தோற்கடிப்பார்கள், அவ்வளவு கடுமை" என்று ரசிகர்கள் மார்தட்டுவார்கள். எல்லாரும் சமமாகப் பலவீனமாக இருந்தாலும் அதேதானே நடக்கும்?

மிச்சமிருப்பது ஆளுக்கு 4 வெளி ஆட்டம். சாட்சி அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பக் கூடாது.

எதிராளி யார் என்பதை ஆட்டம் நடந்த அன்றைய ரேங்க்கை வைத்துப் பார்க்காதீர்கள். சீசன் முடிவில் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். மேக்கின் டொலீடோ அதே செப்டம்பரில் மிசிசிப்பி ஸ்டேட்டை அதன் மைதானத்தில் 41-17 என்று அடித்தது. எஸ்.இ.சி. என்ற பெரிய கான்ஃபரன்ஸின் அணியை மேக் அணி நொறுக்கிவிட்டது என்று ஒரே கொண்டாட்டம். மிசிசிப்பி ஸ்டேட் அந்த ஆண்டை 2-10 (2 வெற்றி, 10 தோல்வி) என்று முடித்தது. நோட்டர் டேம் வெற்றியின் மதிப்போ ஏறிக்கொண்டே போனது: அந்த ஒரு தோல்விக்குப் பிறகு நோட்டர் டேம் தேசிய இறுதி ஆட்டம் வரை போய்த்தான் நின்றது. அந்த 16-14 குருட்டு அதிர்ஷ்டமும் இல்லை. யார்டு கணக்கிலும் நார்தர்ன் இல்லினாய்ஸ்தான் முன்னால் இருந்தது. அப்படிப்பட்ட அணி அடுத்து ஆடிய ஆட்டத்தில் யாரிடம் தோற்றது தெரியுமா? மிசூரியிடம் 38-0 வாங்கிய அதே பஃபலோவிடம், ஓவர்டைமில் 23-20.

இங்கேதான் பலர் வழுக்கி விழுவார்கள். 'பஃபலோ நார்தர்ன் இல்லினாய்ஸைவிடப் பெரிது, நார்தர்ன் இல்லினாய்ஸ் நோட்டர் டேமைவிடப் பெரிது' என்று சங்கிலி கோப்பார்கள். 2022இல் நடந்ததைக் கேளுங்கள். செப்டம்பர் 10 அன்று சன் பெல்ட் என்ற இன்னொரு சின்ன கான்ஃபரன்ஸின் மார்ஷல் நோட்டர் டேமை 26-21 என்று வென்றது. அடுத்த வாரம் மார்ஷல் பௌலிங் கிரீனிடம் தோற்றது. அந்த பௌலிங் கிரீன், மார்ஷல் நோட்டர் டேமை வென்ற அதே நாளில், எஃப்.சி.எஸ். அணியான ஈஸ்டர்ன் கென்டக்கியிடம் ஏழு ஓவர்டைம் ஆடி 59-57 என்று தோற்றிருந்தது. இந்தச் சங்கிலிப்படி ஈஸ்டர்ன் கென்டக்கி நோட்டர் டேமைவிடப் பெரிய அணி. சிரித்துவிட்டுச் சங்கிலியைக் கீழே போட்டுவிடலாம்.

தோல்வியின் அளவையும் கொஞ்சம் மட்டுப்படுத்திப் படிக்க வேண்டும். பெரிய கல்லூரியோடு ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலானவை காசுக்கு ஆடுபவை. பெரியவர்கள் தங்கள் ஊருக்கே வரச்சொல்லி, ஓர் ஆட்டத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல்கூடக் கொடுக்கிறார்கள். சொந்த மைதானத்துக்கு இரண்டரை, மூன்று பாயின்ட் என்று நான் கழித்துக்கொள்வேன். 28 பாயின்ட்டுக்கு மேல் போன வித்தியாசம் எல்லாமே எனக்கு 28தான்; அதற்கு மேல் மாற்று ஆட்கள் மாற்று ஆட்களோடு ஆடுவது. சீசன் முடிந்தபின் நடக்கும் பவுல் ஆட்டங்களை இன்னும் சந்தேகத்தோடு பாருங்கள். 2023 சீசனில் 13-0 என்று இருந்த ஃப்ளோரிடா ஸ்டேட், பாதி ஆட்கள் இல்லாமல் ஆரஞ்ச் பவுலுக்குப் போய் ஜார்ஜியாவிடம் 63-3 வாங்கியது. அதை வைத்து ஃப்ளோரிடா ஸ்டேட்டின் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி. பலவீனம் என்று யாராவது எழுதினால் நான் படிப்பதை நிறுத்திவிடுவேன்.

சரி, கணக்கு எப்படிப் போடுவது? நான் நோட்டில் மூன்று பத்தி கிழிப்பேன்: தலை, நடு, வால். அட்டவணையில் முதல் இரண்டு மூன்று அணிகள் தலை, கடைசி மூன்று வால், மற்றவை நடு. ஒவ்வொன்றின் கீழும் வெளி ஆட்டங்களை மட்டும் எழுதுவேன். 2024 மேக்கை இப்படி எழுதிப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது.

தலையில் ஒஹையோ (ஒஹையோ ஸ்டேட் இல்லை, இது வேறு கல்லூரி), மயாமி (ஃப்ளோரிடாவில் இருப்பது இல்லை, ஒஹையோ மாநிலத்தில் இருப்பது). இருவரும்தான் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம் ஆடியவர்கள். ஒஹையோ 38-3 என்று ஜெயித்தது. அதே ஒஹையோ வெளியே சிராகியூஸிடம் 38-22, கென்டக்கியிடம் 41-6 என்று தோற்றது. கென்டக்கி அந்த ஆண்டு 4-8. மயாமி நார்த்வெஸ்டர்னிடம் 13-6, சின்சினாட்டியிடம் 27-16, நோட்டர் டேமிடம் 28-3 என்று தோற்றது. ஆக, தலை என்று சொல்லிக்கொள்ளும் உயரம் இல்லை. நோட்டர் டேமை வென்ற நார்தர்ன் இல்லினாய்ஸும் மிசிசிப்பி ஸ்டேட்டை வென்ற டொலீடோவும் கான்ஃபரன்ஸுக்குள் 4-4 என்று நடுவில் கிடந்தவர்கள்! வாலில் கென்ட் ஸ்டேட் 0-12. டென்னசியிடம் 71-0, பென் ஸ்டேட்டிடம் 56-0.

என் தீர்ப்பு: தட்டையான கான்ஃபரன்ஸ். நடு பரவாயில்லை, தலை குட்டை, வால் மோசம். அதே ஆண்டு மவுன்டன் வெஸ்ட் என்ற இன்னொரு சின்ன கான்ஃபரன்ஸில் தலை மிக உயரம். அதன் பாய்சி ஸ்டேட், பெரிய அணியான ஆரெகனிடம் அதன் மைதானத்தில் கடைசி நொடி ஃபீல்டு கோலில்தான் 37-34 என்று தோற்றது, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கும் போனது. பிளேஆஃப் வாய்ப்பைக் கேட்டால் தலையைப் பாருங்கள். வாரா வாரம் அங்கே ஆடி ஜெயிப்பது எவ்வளவு கடினம் என்று கேட்டால் நடுவைப் பாருங்கள். ஆபீஸ் சண்டையில் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

வெற்றி தோல்விக் கணக்கு மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 லிபர்டி. கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ. என்ற சின்ன கான்ஃபரன்ஸில் ஆடி 13-0. ஃபியஸ்டா பவுலில் ஆரெகன் 45-6 என்று கணக்கை முடித்தது.

எஸ்.பி. பிளஸ், எஃப்.பி.ஐ., மேஸி மாதிரியான, கம்ப்யூட்டர் கணக்கில் அணிகளை எடைபோடும் ரேட்டிங்குகளும் பாருங்கள், ஆனால் அக்டோபர் பாதி வரை பொறுங்கள். அதுவரை அவற்றில் பழைய ஆண்டுகளின் வாசனை இருக்கும். கான்ஃபரன்ஸ் சராசரியை மட்டும் எடுக்காதீர்கள், ஒரு கென்ட் ஸ்டேட் போதும் சராசரியை இழுத்துப் போட. நடுவில் நிற்கும் அணியின் எண் நேர்மையானது.

இன்னொன்று, இது உங்களுக்குச் சாதகமானது. ஆட்கள் மேலே போனபின் எப்படி ஆடுகிறார்கள் என்று பாருங்கள். 2023இல் 3-9 என்று இருந்த, பெரிய கான்ஃபரன்ஸில் ஆடும் இண்டியானா, 2024இல் 11-2 என்று பிளேஆஃப் போனது. குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரூர்க், மேக்கின் ஒஹையோவிலிருந்து வந்தவர். கோச் கர்ட் சிக்னெட்டி, சன் பெல்ட்டின் ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன் ஆட்கள் பலரோடு வந்தவர். சின்ன கான்ஃபரன்ஸில் ஆள் இல்லை என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆள் இருக்கிறான், பெஞ்ச்தான் நீளமில்லை. வீரர்கள் கல்லூரி மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபின் இருக்கிற ஆளும் ஜனவரியில் கிளம்பிவிடுகிறான். அதனால் போன வருஷக் கணக்கு இந்த வருஷத்துக்குச் செல்லாது.

அணிகளும் கிளம்புகின்றன. 2025இல் மாசசூசெட்ஸ் மேக்குக்குள் வந்தது. 2026இலிருந்து ஃபுட்பாலுக்கு நார்தர்ன் இல்லினாய்ஸ் மவுன்டன் வெஸ்ட் பக்கம். இனி அந்த 16-14ஐ நீங்கள் எடுத்துப் போட்டால், "அவன்தான் உங்க லீக்லயே இல்லையே" என்று ஆபீஸில் ஒருவராவது சொல்வார். டொலீடோவின் 41-17ஐக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த 2-10 அவருக்கு ஞாபகம் வராத வரைக்கும்.