மகன் லெஃப்ட் கார்டு: வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் எதைப் பார்ப்பது?

ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் மகன் லெஃப்ட் கார்டாகச் சேர்ந்திருக்கிறான், ரன் ப்ளேயில் (பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ப்ளேயில்) அவன் யாரைத் தடுக்கிறான் என்றே தெரியவில்லை, சும்மா போய் மோதுகிறானா என்று கேட்டிருந்தீர்கள். சும்மா இல்லை. பந்தை விட்டுவிட்டு, ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னால் போய் ப்ளே தொடங்கியதும்) அவன் வைக்கும் முதல் இரண்டு அடிகளைப் பாருங்கள். எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களும் கார்டுகளின் காலைப் பார்த்துத்தான் ப்ளேயைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மகன் நிற்கும் முன்வரிசைதான் லைன்: நடுவில் சென்டர், இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டாக்கிள். ஐவரும் ஒரே பக்கம் அடி வைத்தால் அது ஜோன் என்ற ப்ளே. இன்ன ஆளைப் பிடி என்ற கணக்கு இதில் கிடையாது. ஓட்டத் திசையில் தனக்கு அடுத்த இடைவெளிக்கு ஒவ்வொருவரும் பொறுப்பு. எதிரே ஆள் இல்லாதவன் பக்கத்தில் இருப்பவனோடு இடுப்பு ஒட்டி எதிரணி முன்வரிசையில் நிற்கும் ஒரு டிஃபென்ஸ் லைன்மேனைத் தள்ளுவான், பிறகு இருவரில் ஒருவன் கழன்று லைன்பேக்கரிடம் போவான். கழலும் நேரம்தான் கஷ்டம். முந்தினால் லைன்மேன் நடுவே புகுந்துவிடுவான்; பிந்தினால் லைன்பேக்கர் சந்தை அடைத்துவிடுவான். 1998-ல் தொழில்முறை அணியான டென்வர் பிராங்கோஸின் டெரல் டேவிஸ் 2,008 யார்டு ஓடினார். அந்த அணியின் அடித்தளமே அவுட்சைட் ஜோன், அதாவது ஓரப்பக்கமாக ஓடும் ஜோன். லைனைப் பழக்கியவர் அலெக்ஸ் கிப்ஸ்.

மற்றவர்கள் ஒரு பக்கம் சாய, உங்கள் மகன் மட்டும் அவர்களுக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் ஓடினால் அது பவர். எனக்கு மிகவும் பிடித்த ப்ளே இதுதான். ஓட்டம் வலப்பக்கம் என்றால் வலது கார்டும் டாக்கிளும் சேர்ந்து ஒருவனை நெட்டித் தள்ளுவார்கள். லைனுக்குப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக், எதிரணி வரிசையின் கடைசி ஆளை வெளிப்பக்கம் தள்ளுவான். இடையில் திறக்கும் வழியில் உங்கள் மகன் நுழைந்து லைன்பேக்கரை எதிர்கொள்ள வேண்டும். வலது காலைத் திறந்து, வலது முழங்கையைப் பின்னே இழுத்துக் கிளம்பி, தள்ளுபவர்களின் முதுகை ஒட்டியே போக வேண்டும். வளைந்து ஆழமாகப் போனால் ஓடுபவன் அவனுக்கு முன்னால் வந்துவிடுவான். அவன் விட்டுப்போன இடத்தைச் சென்டர் இடப்பக்கம் திரும்பி அடைக்க வேண்டும். அடைக்கத் தவறினால் எதிராளி உள்ளே பாய்ந்து மகனையே இடறிவிடுவான். அப்போது ஸ்டாண்டில் திட்டு விழுவது கார்டுக்கு. பிசகு அவனுடையது அல்ல.

கவுன்டர் என்ற ப்ளேயில் மகனோடு அவன் பக்கத்து டாக்கிளும் மறுபக்கம் ஓடுவான். மகன் கடைசி ஆளை வெளியே தள்ளுவான்; இரண்டாவதாக ஓடிவரும் டாக்கிள் லைன்பேக்கரைப் பிடிப்பான். 1980-களில் பயிற்சியாளர் ஜோ கிப்ஸின் வாஷிங்டன் அணி இதற்குப் பேர்போனது. அந்தக் கடைசி ஆள் உள்பக்கமாகப் பாய்ந்துவிட்டால் வெளியே தள்ள முயலக் கூடாது. அவனை உள்ளேயே அடைத்துவிட்டால் டாக்கிளும் ஓடுபவனும் வெளியே சுற்றிப் போவார்கள்.

கைகள் எதிராளியின் மார்புக்கு நேரே இருக்கட்டும். தோளுக்கு வெளியே ஜெர்சியைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், 10 யார்டு பெனால்டி. புல் செய்யப் போகும்போது (பவர், கவுன்டரில் போல இடம்விட்டு மறுபக்கம் ஓடப் போகும்போது) மட்டும் உடல் எடையைப் பின்னே சாய்த்து உட்காரும் பழக்கமும் வேண்டாம். ப்ளேயைக் கண்டுபிடிக்க எதிரணிக்கு அதுவே போதும்.

மைதானத்தின் நடுவே ஐம்பது யார்டு கோட்டுக்கு நேரே உட்கார்ந்தால் லைன் ஒரு குவியலாகத்தான் தெரியும். மைதானக் கோடியில் உள்ள எண்ட் ஜோன் பக்கம், உயரத்தில் உட்காருங்கள், சந்துகள் திறப்பது தெரியும். அந்தக் கோணத்தில் எடுத்த வீடியோ பயிற்சியாளரிடம் இருந்தால் ஒரே ப்ளேயை மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள்: முதலில் மகனை, அடுத்து சென்டரை, கடைசியில் பந்தை.