குவாரி சரிந்தால் மழையைக் கைகாட்டுவது ஏன்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

சரிந்த குவாரிகளைப் போய்ப் பார்த்துக் காரணம் எழுதுவதுதான் பல வருடமாக என் வேலை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், எங்கே கல்குவாரி சரிந்தாலும் ‘கனமழை காரணம்’ என்றே செய்தி வருகிறது. நிஜமாகவே மழைதானா?

மழை கடைசியாக வந்து தொட்ட ஆள், அவ்வளவுதான். அதே மழை பக்கத்துக் குவாரியிலும் பெய்திருக்கும், அது ஏன் நின்றது? சுவிட்சர்லாந்தில் எல்ம் என்று ஒரு மலைக்கிராமம். பள்ளிக்கூடச் சிலேட்டுக்காக 1868-ல் மலையடியில் வெட்ட ஆரம்பித்தவர்கள், 13 வருடத்தில் ஏறக்குறைய 180 மீட்டர் அகலத்துக்கு, 65 மீட்டர் உள்ளே வரைக்கும் குடைந்துவிட்டார்கள். மேலே பெரிய பிளவு வாயைத் திறந்து, ஓடைத் தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. 1881 ஆகஸ்ட் கடைசியிலிருந்து நல்ல மழை. செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை மாலை சுமார் 1 கோடி கன மீட்டர் பாறை இறங்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முந்தின நாள்தான் அதிகாரிகள் மேலே ஏறிப் பார்த்து, உடனடி ஆபத்து இல்லை என்று சொல்லியிருந்தார்கள்! மழை எந்த வருடமும் பெய்கிற ஊர்தான் அது.

கேள்வி: அண்ணா, நான் சுரங்கவியல் மூன்றாம் வருடம். சரிந்த இடத்தில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

தம்பி, கீழே கிடக்கிற குவியலுக்குள் இறங்கிவிடாதே, எல்லாரும் அங்கேதான் ஓடுவார்கள். உடைந்து நிற்கிற பாறை முகத்தின் நிறத்தைப் பார். இப்போது உடைந்த கருங்கல் பளிச்சென்று சாம்பலாக இருக்கும், பழைய பிளவு என்றால் துரு ஏறின மாதிரி காவி படிந்திருக்கும். ஒரு குவாரியில் ‘நேற்று ராத்திரி விட்ட விரிசல் சார்’ என்று மேலாளர் சொல்லிக்கொண்டே கூட வந்தார். முகத்தில் மேலிருந்து பாதி உயரம் காவி, அதில் சீமைக்கருவேல வேர் ஒன்று, அப்பளம் மாதிரி தட்டையாகப் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கல்லுக்கு நடுவில் நெருக்கி வளர்ந்த வேர் அப்படித்தான் சப்பையாகும். ஒரு ராத்திரியில் வளர்கிற வேரா அது? அவர் அப்புறம் பேசவில்லை. அந்தப் பிளவு எந்தப் பக்கம், எத்தனை டிகிரி சாய்கிறது என்று காம்பஸில் எடு. குழியைப் பார்த்துச் சாய்ந்து, அதன் கீழ்நுனியையும் வெட்டித் திறந்துவிட்டிருந்தால் பாதி விடை வந்துவிட்டது.

கேள்வி: தண்ணீர் எப்படி அவ்வளவு பெரிய பாறையைத் தள்ளும்?

விரிசலில் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறக்குறைய 10 டன் அழுத்தம். விரிசல் விரலளவு இருந்தாலும் சரி, கை நுழைகிற அளவு இருந்தாலும் சரி, கணக்கு உயரத்துக்குத்தான்.

கேள்வி: வெடிதான் காரணம் என்று ஊரில் சொல்கிறார்கள்.

இருக்கலாம், வெடிப் பதிவேட்டைப் பார்க்காமல் சொல்லக்கூடாது. எத்தனை வெடிக்குழி, எவ்வளவு வெடிமருந்து, எத்தனை மணி, எல்லாம் அதில் இருக்க வேண்டும். வெடித்த கையோடு விழாமல் நாள் கழித்து விழுந்தாலும் வெடிக்குப் பங்கு உண்டு, அது பின்னால் நிற்கிற பாறையையும் தளர்த்திவிட்டுப் போகும். ஆனால் நான் பார்த்தவற்றில் அடிவெட்டுதான் அதிகம். கீழே நல்ல கல் கிடைக்கிறது என்று அடியில் குடைந்து மேலே தொங்கவிடுகிற பழக்கம். 1961-ஆம் ஆண்டு இந்தியச் சுரங்க விதிகளே, விதி 106, அதைக் கூடாது என்கிறது.

கேள்வி: என் வீட்டுக்காரர் குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறார். எப்போது இறங்கி வரவேண்டும் என்று எப்படித் தெரியும் அண்ணா?

அம்மா, மேலிருந்து பொடிக்கல் விட்டுவிட்டு உதிர்ந்தால், காய்ந்திருந்த சுவரில் புதிதாகக் கசிவு வந்தால் வண்டியை அப்படியே விட்டுவிட்டு வரச்சொல்லுங்கள். ஒருமுறை விழுந்த இடத்துக்கு உடனே போகவும் வேண்டாம். எல்மில் முதல் சரிவுக்கு 17 நிமிடம் கழித்து இரண்டாவது, அதற்கு 4 நிமிடம் கழித்துப் பெரியது. உதவிக்கு ஓடினவர்களும் அதில் மாட்டினார்கள். அமெரிக்காவின் பிங்ஹாம் கேன்யன் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10-ல் ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சரிந்தது. ரேடார் வைத்து அசைவைப் பார்த்து முன்பே ஆட்களை வெளியேற்றியிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ரேடார் இல்லாவிட்டால் போகட்டும். மேலே விரிசலின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கொரு கம்பி அடித்து, நடுவில் உள்ள இடைவெளியை காலையும் மாலையும் டேப்பில் அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இடைவெளி நேற்றைவிட இன்று வேகமாகக் கூடுகிறதென்றால் அன்று யாரும் குழிக்குள் இறங்கக்கூடாது.